எண்ணெய் விலை ஏறிக் கப்பலின் வழி மாறினால்: டெல்டாவிலிருந்து க்ரூஸ் போகிறவர்களுக்கு

கிளம்ப ஆறு வாரம் இருக்கும்போது ஏஜென்டிடமிருந்து ஒரு மெயில் வரும். "செயல்பாட்டுக் காரணங்களால் ஃபூக்கெட் நிறுத்தம் ரத்தாகிறது. அன்று கப்பல் கடலில் இருக்கும்." எண்ணெய் என்ற சொல்லே அதில் இருக்காது. எட்டுப் பேருக்குப் பணம் கட்டிவிட்டுக் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ காத்திருக்கும் குடும்பம் அதன் பிறகு என்ன செய்ய வேண்டும், அப்படி ஒரு மெயில் வரும் என்று நினைத்து முன்கூட்டியே எதையெல்லாம் செய்து வைத்திருக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

டெல்டாவுக்குக் கப்பல் பயணம் புதிதல்ல. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ரஜூலா கப்பல் 1973 வரை ஓடியது. அதன் பிறகு சிதம்பரம் கப்பல், 1985-ல் தீப்பிடிக்கும் வரை. அவை ஆட்களை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓடியவை. பினாங்கில் இறங்க வேண்டியவரைப் பினாங்கில் இறக்கித்தான் ஆக வேண்டும். க்ரூஸ் கப்பலோ புறப்பட்ட துறைக்கே திரும்பி வருகிறது. நடுவில் எங்கே நிற்கிறது, நிற்காமல் போகிறது என்பதைக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் இடம் கொடுக்கிறது. டிக்கெட்டில் நீங்கள் வாங்குவது கேபினும் சாப்பாடும்தான். துறைமுகங்களின் பட்டியலுக்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

கப்பல் ஏன் மெதுவாகிறது

விசைப்படகு ஓட்டும் அக்கரைப்பேட்டைக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் டீசல் நிறையக் குடிக்கும். கப்பலுக்கும் அதே கணக்குதான்: தேவைப்படும் இன்ஜின் சக்தி, ஏறக்குறைய வேகத்தின் மும்மடியாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறுகிறது. 20 நாட் (கப்பல் வேகத்தின் அளவு) வேகத்தில் ஓடும் கப்பல் 16 நாட் வேகத்துக்கு இறங்கினால் தேவையான சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். பயண நேரம் கூடுவதையும் சேர்த்துப் பார்த்தால், அதே தூரத்துக்குக் கப்பலை ஓட்டும் எண்ணெயில் 36 சதவீதம் மிச்சம். ஏசி, சமையல், விளக்கு எல்லாவற்றுக்கும் ஆகும் எண்ணெய் தனி. அது நின்றாலும் ஓடினாலும் எரிந்துகொண்டேதான் இருக்கும். அதனால் கம்பெனி கை வைக்கக்கூடியவை இரண்டு: வேகம், தூரம்.

சிங்கப்பூர்–பினாங்கு கடல்வழி சுமார் 380 கடல்மைல். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர்; ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல். கப்பல் மாலை 4 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் பகல் 1 மணிக்குப் பினாங்கு சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 21 மணி நேரம். இரண்டு துறைகளிலும் கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுக பைலட் ஏறி இறங்குவது, மெதுவாக நகர்ந்து கரை கட்டுவது எல்லாவற்றுக்கும் 2 மணி நேரம் கழித்தால் மீதி 19. 380-ஐ 19-ஆல் வகுத்தால் 20 நாட். இதையே 16 நாட் வேகத்தில் ஓட்டினால் 23 மணி 45 நிமிடம் ஆகும். கழித்த 2 மணியைச் சேர்த்தால் பினாங்கு சேரும்போது மாலை 5.45. இரவு 10 மணிக்குக் கப்பல் கிளம்ப வேண்டும் என்றால், ஒன்பது மணி நேர நிறுத்தம் நாலே கால் மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. பினாங்கு நேரத்தைக் குறைக்க மனமில்லாத கம்பெனி சிங்கப்பூரிலிருந்து காலை 11.15-க்கே கிளம்பும். அன்று காலையில் திருச்சியிலிருந்து விமானத்தில் வந்து இறங்குகிறவருக்கு அப்போது கப்பல் கிடைக்காது.

மாற்றம் வரும் வடிவங்களும் இவைதான். துறைகள் அப்படியே இருக்க நேரம் மட்டும் குறையும். இல்லாவிட்டால் தூரத்துத் துறைக்குப் பதில் பக்கத்துத் துறை வரும்: தாய்லாந்தின் ஃபூக்கெட்டுக்குப் பதில் மலேசியாவின் பினாங்கு வரும், பினாங்குக்குப் பதில் போர்ட் கிளாங் வரும். அதுவும் இல்லாவிட்டால் ஒரு துறை அடியோடு போய் 'கடலில் ஒரு நாள்' ஆகும். மாற்றம் வானிலையாலா எண்ணெயாலா என்று அறிய ஒரு அடையாளம் உண்டு: புறப்பட்ட பிறகோ புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்போ வருவது பெரும்பாலும் காற்றும் அலையும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் முன்னதாக வருவது கணக்குப் பிள்ளையின் முடிவு.

ஐரோப்பாப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் சேரும். 2025 மே 1 முதல் மத்தியதரைக் கடலில் கந்தகம் 0.1 சதவீதத்துக்கு மேல் உள்ள எண்ணெயை எரிக்கக் கூடாது, புகையைக் கழுவும் கருவி இல்லாவிட்டால். அந்த எண்ணெய் விலை கூடுதல். கரியமில வாயுவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வாங்கும் கட்டணமும் 2024-ல் 40 சதவீத வெளியேற்றத்தில் ஆரம்பித்து, 2025-க்கு 70, 2026-க்கு 100 என்று ஏறியிருக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன்

எல்லாவற்றிலும் பலன் தரும் வேலை இதுதான், அதை யாரும் செய்வதில்லை: மேலே போட்ட வகுத்தல் கணக்கை, நீங்கள் எடுக்கப்போகும் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் போடுங்கள். கடல்வழித் தூரம் காட்டும் கணிப்பான்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கூகுள் மேப்பில் நேர்கோடு போடாதீர்கள். அது தரையைத் தாண்டிப் போய்த் தூரத்தைக் குறைத்துக் காட்டும். ஒரு கட்டத்துக்கு 16 நாட் வரை தேவைப்பட்டால் நிம்மதி. 18 என்றால் யோசியுங்கள். 20-ஐத் தொட்டால், எண்ணெய் விலை ஏறும் காலத்தில் அந்தக் கட்டம்தான் முதலில் அடிபடும். பிள்ளைகள் ஆசையாகக் கேட்பது அந்தத் துறையைத்தான் என்றால் வேறு பயணம் எடுங்கள்.

மரைன் டிராஃபிக் போன்ற செயலியில் அந்தக் கப்பலின் பெயரைப் போட்டு, இப்போது எந்த வேகத்தில் ஓடுகிறது என்று நாலைந்து நாள் பாருங்கள். அட்டவணைக்கு 19 நாட் தேவைப்படும் கட்டத்தில் கப்பல் தினமும் 15-லேயே போய்க்கொண்டிருந்தால், அட்டவணை மாறப்போகிறது என்று அர்த்தம். மெயில்தான் இன்னும் வரவில்லை.

அடுத்தது ஒப்பந்தம். ஏஜென்ட் தரும் வண்ணத் துண்டறிக்கை ஒப்பந்தம் ஆகாது. கப்பல் கம்பெனியின் பயண ஒப்பந்தம் தனி பிடிஎஃப். இருபது, முப்பது பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். கேட்டு வாங்குங்கள். முழுவதும் படிக்க முடியாவிட்டாலும் நான்கு இடங்களைத் தேடிப் பிடியுங்கள்: வழி மாற்றத்துக்குக் கம்பெனி பொறுப்பேற்கிறதா, எரிபொருள் சர்சார்ஜ் (எண்ணெய் விலைக்கான கூடுதல் கட்டணம்) உண்டா, நிறுத்தம் ரத்தானால் எந்தத் தொகை திரும்பும், தகராறு வந்தால் எந்த ஊரில் வழக்கு.

சர்சார்ஜ் விஷயத்தில் கவனம் தேவை. கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 65 அல்லது 70 டாலரைத் தாண்டினால் ஆளுக்கு நாளுக்கு 9, 10 டாலர் வரை கூடுதலாக வாங்கலாம் என்று பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் சிலவற்றின் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. விலை அந்த வரம்பைத் தாண்டிய எல்லாச் சமயத்திலும் அவர்கள் வாங்கியதில்லை. ஆனால் உரிமை அவர்கள் கையில் இருக்கிறது. பணம் முழுக்கக் கட்டிய பிறகும் கேட்கலாம் என்று சில ஒப்பந்தங்கள் சொல்கின்றன. கேபினில் முதல் இருவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்று கேளுங்கள். நான்கு பேர், ஐந்து நாள், 9 டாலர் என்றால் இருவருக்கு மட்டும் 90 டாலர், எல்லோருக்கும் 180 டாலர். இரட்டை வித்தியாசம். "சர்சார்ஜ் வந்தால் யார் கட்டுவது" என்பதை ஏஜென்டிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாயால் சொன்னது பிறகு நிற்காது.

பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுவது நல்லது. சேவை கிடைக்காவிட்டால் வங்கி மூலம் திரும்பக் கேட்க ஒரு வழி இருக்கும். ஏஜென்டின் சொந்தக் கணக்குக்கு யுபிஐ-யில் அனுப்பினால் அந்த வழி இல்லை. ஜிஎஸ்டி எண் போட்ட பில் வாங்குங்கள். அதில் கேபின் கட்டணம், துறைமுக வரி, ஏஜென்டின் சேவைக் கட்டணம், டிசிஎஸ் (உங்கள் வருமான வரிக் கணக்கில் சேர ஏஜென்ட் முன்கூட்டியே வாங்கும் தொகை) நான்கும் தனித்தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். "பேக்கேஜ்" என்று மொத்தமாக ஒரே தொகை போட்ட பில்லை வைத்துக்கொண்டு பின்னால் துறைமுக வரியைத் திரும்பக் கேட்பது பெரும்பாடு.

அறுவடைப் பணத்தை நம்பிப் போடும் திட்டம் என்றால் தேதிகளைப் பாருங்கள். முழுப் பணம் கட்டும் கெடு வழக்கமாகப் புறப்பட 60 முதல் 90 நாளுக்கு முன் வரும். மே மாதப் பயணத்துக்கு அது பிப்ரவரி, மார்ச். சம்பா அறுத்து நெல் கொள்முதல் நிலையத்தில் கிடக்கும் நேரம். அந்தக் கெடு வரை கேன்சல் செய்தால் டெபாசிட்டோடு போகும். அதன் பிறகு 25, 50, 75, 100 சதவீதம் என்று படிப்படியாக ஏறும். கெடுவுக்கு மூன்று நாள் முன்பு அட்டவணையை இன்னொரு முறை கம்பெனியின் தளத்தில் பாருங்கள். மாறியிருந்தால், குறைந்த நஷ்டத்தில் வெளியேறக் கடைசி வாய்ப்பு அதுதான்.

கரைப் பக்கத்து ஏற்பாடு

கப்பல் மாறும்போது நமக்கு அடி விழுவது பெரும்பாலும் கரையில்தான். சிங்கப்பூரில் ஏறுகிறவர்கள் முதல் நாளே போய்த் தங்குங்கள். கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு வேனில் இரண்டரை மணி நேரம், சிங்கப்பூருக்கு விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம், நமக்கும் அவர்களுக்கும் கடிகாரத்தில் இரண்டரை மணி வித்தியாசம். அன்றைக்கே போய் அன்றைக்கே ஏறலாம் என்ற கணக்கு, கப்பல் நேரம் முன்னால் நகர்ந்தால் உடனே உடையும். திரும்பும்போதும் அப்படித்தான்: கப்பல் காலை 8-க்கு வரும் என்று போட்டிருந்தால் பிற்பகல் 2 மணிக்கு முன் விமானம் வேண்டாம். சிங்கப்பூரில் க்ரூஸ் முனையம் இரண்டு இருக்கிறது, மெரினா பே ஒன்று, ஹார்பர் ஃபிரன்ட் ஒன்று. புது அட்டவணை வந்தால் முனையமும் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சென்னையில் ஏறுகிறவர்கள் உழவன், மன்னை போன்ற இரவு ரயிலில் போய் விடிகாலையில் இறங்குவதே சரி. பகலில் ஓடும் சோழன் போய்ச் சேர்வதற்குள் கப்பலின் வாசல் மூடியிருக்கும். முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும் என்பதால், கப்பல் நேரத்தை அன்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

விசா இன்னொரு கண்ணி. சிங்கப்பூரில் புறப்பட்டு மலேசியாவைத் தொட்டுத் திரும்பினால் சிங்கப்பூருக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள். விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். தாய்லாந்துத் துறைக்குப் பதில் மலேசியத் துறை வந்தால் நிரப்ப வேண்டிய மின்வருகை அட்டையும் மாறும். மாற்று மெயில் வந்த அன்றே, புதிதாகச் சேர்ந்த நாட்டுக்கு என்ன தேவை என்று ஏஜென்டிடம் எழுதிக் கேளுங்கள். தாள் சரியில்லை என்று ஏற விடாவிட்டால் பணம் திரும்பாது.

ஊர் சுற்றும் ஏற்பாட்டைக் கப்பல் மூலம் பதிவு செய்தால் விலை கூடுதல்தான்; ஆனால் நிறுத்தம் ரத்தானால் அந்தப் பணம் தானாகத் திரும்பும். வெளியே பதிவு செய்வதென்றால் 24 அல்லது 48 மணி நேரம் முன்பு வரை இலவசமாக ரத்து செய்யக் கூடியதை மட்டும் எடுங்கள். பயணக் காப்பீடு இதைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். மருத்துவத்துக்கும் விமானத் தாமதத்துக்கும் அது அவசியம். கம்பெனி தன் வணிகக் காரணத்துக்காக வழியை மாற்றியதற்குப் பெரும்பாலான பாலிசிகள் தராது.

மெயில் வந்துவிட்டது

கோபத்தில் உடனே கேன்சல் செய்யாதீர்கள். நீங்களாகக் கேன்சல் செய்தால் கேன்சல் கட்டணம் உங்கள் தலையில். முதலில் பழைய அட்டவணையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கம்பெனியின் தளத்தில் பழையது சில நாளில் மறைந்துவிடும். மெயிலில் பதில் சொல்ல ஒரு கெடு இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய மாற்றம் என்றால் சில கம்பெனிகள் வேறு தேதி, முழுப் பணமும் திரும்ப, கப்பலில் செலவழிக்கும் கிரெடிட் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். கெடு தாண்டினால் மாற்றத்தை ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஏஜென்டின் மெயில் ஸ்பாமில் போய் விழுந்து ஐந்து நாள் கழித்துப் பார்க்கிற குடும்பங்கள்தான் இதில் மாட்டுகின்றன.

இரண்டு நாளுக்குள் ஏஜென்டுக்கு இப்படி எழுதுங்கள், அப்படியே கம்பெனிக்கும் ஒரு நகல்:

"முன்பதிவு எண் ______. நாங்கள் பணம் கட்டிய அட்டவணையில் ______ துறையில் ______ மணி நேரம் நிறுத்தம் இருந்தது. ______ தேதியிட்ட மெயிலில் அது ரத்து / ______ மணி நேரமாகக் குறைப்பு. 1) மாற்றத்தின் காரணம் என்ன? 2) கட்டணமில்லாமல் விலகவோ தேதி மாற்றவோ என்ன வழி, எந்தத் தேதிக்குள்? 3) அந்தத் துறைக்கு வாங்கிய வரி ஆளுக்கு எவ்வளவு, எப்போது, எந்தக் கணக்குக்குத் திரும்பும்? 4) புதிய அட்டவணையில் ஏறும் நேரம், முனையம், திரும்பும் நேரம் என்ன? இதற்குப் பதில் வரும்வரை மாற்றத்தை நாங்கள் ஏற்றதாகக் கொள்ள வேண்டாம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

என்ன திரும்பும் என்பதில் ஏமாற்றமில்லாமல் இருக்க வேண்டும். ஒரு துறை ரத்தானால் பொதுவாகத் திரும்புவது அந்தத் துறையின் வரி மட்டும். கேபின் கட்டணத்தில் எதுவும் குறையாது. அந்த வரியும் சில சமயம் கப்பலில் செலவழிக்கும் கிரெடிட்டாக வரும். செலவாகாத மீதி கடைசி நாளில் பணமாகத் திரும்புமா, அப்படியே போய்விடுமா என்று கேளுங்கள். போய்விடும் வகை என்றால் இறங்குவதற்கு முதல் நாள் இரவுக்குள் தீர்த்துவிடுங்கள். மொத்தப் பயணமே ரத்தானால், டிசிஎஸ் தொகையை ஏஜென்ட் திருப்புகிறாரா, அல்லது வருமான வரிக் கணக்கில் நீங்கள் ஈடுகட்டிக்கொள்வதா என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

புகார் எங்கே

முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சிங்கப்பூருக்கோ மும்பைக்கோ அலைய வேண்டியதில்லை. இந்தியாவில் டிக்கெட் விற்ற ஏஜென்டையும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்தில் பதியலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

துறை மாறியது என்ற ஒன்றை மட்டும் வைத்துப் போனால் ஒப்பந்தத்தைக் காட்டித் தப்பிவிடுவார்கள். வலுவான வழக்குகள் வேறு: துறைமுக வரியைத் திருப்பாதது, முன்பே சொல்லாத சர்சார்ஜ், மாற்று மெயில் வந்தும் முழுப் பணம் வாங்கும் வரை ஏஜென்ட் உங்களிடம் மறைத்தது. கடைசியில் சொன்னதை நிரூபிக்கத்தான் தேதியோடு கூடிய ஸ்கிரீன்ஷாட்.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலை இதோடு குழப்ப வேண்டாம். 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்ட்டில் சிவகங்கை கப்பலோடு மறுபடி ஆரம்பித்த சேவை அது. ஆளைக் கரை சேர்க்கும் கப்பல் என்பதால் அங்கே வழி மாறாது. ஓடும் அல்லது ஓடாது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் யாழ்ப்பாணத்துக் கல்யாணத்துக்கு அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

நேரம் குறைந்த துறையில்

எல்லாம் முடிந்து, சுருங்கிய அட்டவணையோடு கப்பலில் இருக்கிறீர்கள். பினாங்கில் மாலை 5.45 முதல் 10 மணி வரை என்று போட்டிருந்தாலும் கையில் கிடைப்பது நாலே கால் மணி நேரம் அல்ல. கயிறு கட்டி, அனுமதி வாங்கி, வரிசையில் இறங்க முக்கால் மணி. எல்லோரும் ஏறிவிட வேண்டிய நேரம் புறப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்னால். மீதி இரண்டரை மணி நேரம். கைபேசி தாய்லாந்து நேரத்தைப் பிடித்திருந்தால் ஒரு மணி நேரம் பின்னால் காட்டும்; கப்பல் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கு மலைக்கும் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கும் அந்த நேரம் போதாது. டாக்ஸி நெரிசலில் மாட்டினால் கப்பல் காத்திருக்காது. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனிலேயே இருப்பதால் நடந்தே போகலாம். முதலில் குயின் தெரு மகாமாரியம்மன் கோவில், அங்கிருந்து சூலியா தெரு. அந்தத் தெருவில் நம் நாகூர் ஆண்டவர் நினைவாகத் தமிழ் முஸ்லிம்கள் 1800-களின் தொடக்கத்தில் கட்டிய நாகூர் தர்கா இருக்கிறது. பக்கத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். ஒரு தட்டு நாசி கண்டார் (குழம்பு ஊற்றிய சோறு) சாப்பிட்டு, வந்த வழியே திரும்பினால் ஒன்பது மணிக்குள் கப்பலேணிக்கு வந்துவிடலாம். பெரியவர்கள் கூட இருந்தால் பள்ளிவாசலை விட்டுவிட்டு அரை மணியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.